குளிர்பெட்டிக் கொள்கையும் உடையவர் திருமேனியும்

1

கம்யூனிஸ ஆட்சிகள் விழுந்த நாடுகளில் மதமும் தேசியமும் தலைதூக்கியதைப் பற்றி நம் பத்திரிகைகள் முப்பது வருஷங்களாக எழுதி வந்திருப்பதை ஒரு வரியில் சுருக்கிவிடலாம். எழுபது வருஷம் குளிர்பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த பண்டங்கள் மின்சாரம் நின்றதும் வெளியே எடுக்கப்பட்டன. கெடாமல் அப்படியே இருந்தன. அவ்வளவுதான். இதைச் சொல்பவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு வெளியே வந்தது விஷம். பெட்டியை இன்னும் இறுக்கிப் பூட்டியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வருத்தம். மறு கட்சிக்கு வெளியே வந்தது அமுதம். இத்தனை காலம் பூட்டி வைத்ததே பாபம் என்பது அவர்கள் ஆனந்தம். சச்சரவெல்லாம் உள்ளே இருந்தது விஷமா அமுதமா என்பதில்தான். பெட்டி என்று ஒன்று இருந்ததா என்று இரண்டு கட்சியிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ருஷ்யாவையும் ருமேனியாவையும் பற்றிய சர்ச்சையாக மட்டும் இது இருந்தால் நான் இங்கே பக்கங்களை வீணாக்க மாட்டேன். இதே பெட்டியைத்தான் நம் ஆட்கள் மீதும் கவிழ்த்துக்கொண்டிருக்கிறோம். கோவை ஞானி மார்க்ஸியத்திலிருந்து தமிழ்த் தேசியத்துக்கு நகர்ந்தார், எஸ்.என். நாகராஜன் ‘கீழை மார்க்ஸியம்’ என்ற பெயரில் மாவோவையும் வைணவத்தையும் ஒரே மூச்சில் பேசினார். உடனே தீர்ப்பு. முற்போக்கு முகாம் ‘துரோகம்’ என்றது. எதிர் முகாம் ‘வீடு திரும்பினார்கள்’ என்றது. சமீபத்தில் ஒரு கூட்டத்தில் இரண்டு தீர்ப்புகளையும் ஒரே சாயங்காலத்தில், ஒரே மேடையில், கட்டுரைகளாக வாசிக்கக் கேட்டேன். இரண்டுக்கும் கைதட்டல் கிடைத்தது. கைதட்டியவர்களில் பாதிப் பேர் இரண்டுக்குமே தட்டினார்கள். அதில் முரண்பாடு இல்லை. இரண்டு கட்டுரையும் ஒரே கட்டுரைதான்.

தமிழ்நாட்டில் கம்யூனிஸ ஆட்சி நடந்ததே இல்லையே, நாம் எப்படிக் கம்யூனிஸத்துக்குப் பிந்திய சமூகம் ஆவோம் என்று கேட்கலாம். சமூகம் ஆகவில்லை, நம் சிறு வட்டம் ஆகியிருக்கிறது. மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலையில் வந்த தமிழ் நூல்கள் 1991க்குப் பிறகு வரவில்லை. என் வயதினருக்கு அவை பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் சரக்கு. கெட்டி அட்டை, அழியாத மை, உள்ளே யாரோ ஒருவரின் கையெழுத்தும் தேதியும். ஒரு ராஜ்யத்தில் வாழாமலேயே அதன் வீழ்ச்சிக்குப் பிந்தைய மனநிலையில் மட்டும் வாழ்வது என்கிற விசித்திரம் நமக்கு நேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த மனநிலையை அங்கே எப்படிப் பரிசோதித்தார்கள் என்று பார்ப்பது வீண் வேலை ஆகாது.

2

கேத்தரின் வெர்டரி என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1973இல் ட்ரான்ஸில்வேனியாவில் ஒரு கிராமத்துக்குப் போனார். சௌஷெஸ்குவின் ருமேனியா அது. ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டுக் குறிப்பெடுக்கும் ஒரு பெண்ணை உளவாளி என்று ரகசியப் போலீஸ் முடிவு கட்டியதில் ஆச்சரியமில்லை. அவர் பேரில் 2,781 பக்கங்களில் ஒரு கோப்பு இருந்தது. பிற்பாடு அதையே படித்து 2018இல் ஒரு புத்தகமும் எழுதினார். நமக்கு வேண்டியவை அவருடைய வேறு இரண்டு நூல்கள். ஒன்று, சோஷலிஸத்தின் கீழ் தேசியக் கருத்தியல் பற்றி 1991இல் வந்தது. மற்றது, இறந்தவர் உடல்களின் அரசியல் வாழ்வு பற்றி 1999இல் வந்தது.

முதல் நூல் குளிர்பெட்டியின் அடித்தட்டையே கழற்றிவிடுகிறது. ருமேனியக் கட்சி தேசியத்தை அடக்கி வைக்கவில்லை. அதைச் சோறு போட்டு வளர்த்தது. 1980இல், ரோமானியர் வருமுன் அந்த மண்ணை ஆண்ட புரெபிஸ்டா என்ற டேஸிய அரசனின் ராஜ்யத்துக்கு 2,050ஆவது ஆண்டு விழா எடுத்தது கம்யூனிஸ்ட் கட்சிதான். ஏன்? வெர்டரியின் விளக்கம் ஒரு பட்ஜெட் விளக்கம். பாங்கில் வேலை பார்க்கும் எனக்கு அது உடனே புரிந்தது. எல்லாம் பற்றாக்குறையான பொருளாதாரம். காகிதம், பதிப்பு, பதவி, ஆராய்ச்சிக் கூடம் எல்லாம் அரசின் கையில். அறிவுஜீவிகள் அதற்காக ஒருவரோடொருவர் மோத வேண்டும். மோதலில் ‘நான் உன்னைவிடத் தேசத்துக்கு நெருக்கமானவன்’ என்ற வாதம், ‘நான் உன்னைவிட மார்க்ஸுக்கு நெருக்கமானவன்’ என்ற வாதத்தைத் தோற்கடித்துக்கொண்டே வந்தது. இலக்கிய விமர்சகர்களும் சரித்திரக்காரர்களும் தத்துவவாதிகளும் தாங்களாகவே, தங்கள் பிழைப்புக்காகவே, தேசத்தின் பாஷையை அந்த ஆட்சியின் பாஷையாக்கினார்கள். ஆட்சி விழுந்த நாளில் அந்த பாஷை எங்கிருந்தோ திரும்பி வரவில்லை. பேசிக்கொண்டிருந்த வாய் மூடவில்லை, அவ்வளவுதான்.

யூகோஸ்லாவியாவில் இது இன்னும் அப்பட்டம். 1389இல் கொஸோவோ போரில் மாண்ட லாஸார் பிரபுவின் எலும்புகள் 1980களின் கடைசியில் ஊர் ஊராக ஊர்வலம் வந்தன. அந்தப் போரின் 600ஆவது ஆண்டில், 1989 ஜூன் 28இல், கூட்டத்தின் முன் நின்று பேசிய மிலோஷெவிச், ஸெர்பியக் கம்யூனிஸ்டுகளின் தலைமையிலிருந்து வந்தவர். பெட்டிச் சாவியை வைத்திருந்தவரே பண்டத்தைத் தலையில் சுமந்து வந்தார் என்றால், பெட்டிக் கதையை எப்படி இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது?

மதத்தின் விஷயத்திலும் இப்படியே. 1948இல் ருமேனிய அரசு கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையைக் கலைத்து, அதன் கோவில்களை ஆர்த்தோடாக்ஸ் திருச்சபையிடம் கொடுத்தது. அதாவது அந்த அரசு மதத்தை ஒழிக்கவில்லை. ஒரு மதத்தின் கட்டடங்களை இன்னொரு மதத்துக்கு மாற்றி எழுதியது. 1989க்குப் பிறகு எழுந்த ‘மத எழுச்சி’யின் பெரும் பகுதி, அந்தக் கட்டடங்கள் யாருக்கு என்ற வழக்கு. 1768இல் ரோமில் நாடு கடந்து இறந்த இனோகென்டியே மிகு என்ற பிஷப்பின் எச்சங்கள் 1997இல் ப்ளாஜ் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அந்த எலும்புகளை வரவேற்கப் போட்டி. அவர் தேசத்தின் வீரரா, கலைக்கப்பட்ட சபையின் பிஷப்பா? எலும்புக்கு வாய் இல்லை. வெர்டரியின் முக்கியமான வாதம் இதுதான்: இறந்த உடல் ஸ்தூலமானது, கண்ணால் பார்க்கலாம், ஓரிடத்தில் வைக்கலாம், ஆனால் அதன் அர்த்தம் ஸ்தூலமானதல்ல. அது எதையும் மறுக்காது. ஆகவே அரசியலுக்கு அதைவிட வசதியான ஆள் கிடையாது. 1989 ஜூன் 16இல் புடாபெஸ்டில் இம்ரே நாஜை மறுபடி அடக்கம் செய்தபோது வைக்கப்பட்ட ஆறு சவப்பெட்டிகளில் ஒன்று காலி. காலிப் பெட்டியும் பேசியது.

இவருடைய முறையை நான் வியப்பது அதன் எளிமைக்காக. ‘மதம் திரும்பியதா?’ என்று அவர் கேட்பதில்லை. உடலை யார் தூக்குகிறார்கள், எங்கே இறக்குகிறார்கள், கட்டடம் யார் பேரில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்கிறார். தத்துவார்த்தமாகப் பேசிப் பழகிய நமக்கு இந்தக் கேள்விகள் கௌரவக் குறைவாகத் தோன்றலாம். தோன்றட்டும்.

3

இப்போது நம் பக்கம். நம்மிடம் பெட்டி இருந்ததா?

‘நான் ஏன் நாத்திகன்’ என்ற பகத்சிங்கின் பிரசுரத்தை 1930களில் தமிழாக்கி அதற்காகச் சிறை சென்ற ஜீவானந்தம், பிற்காலத்தில் கம்பனைப் பற்றி மணிக்கணக்கில் பேசி மயக்கினார். திராவிட இயக்கம் கம்பனை நெருப்பில் போடச் சொன்ன காலம் அது. ‘தாமரை’யை 1959இல் தொடங்கியவரும், 1961இல் கலை இலக்கியப் பெருமன்றத்தை நிறுவியவரும் அவரே. மரபை, பக்தியை, தமிழ்ப் பெருமிதத்தைத் தமிழ்க் கம்யூனிஸம் எந்தப் பெட்டியிலும் வைக்கவில்லை; மேடையில் வைத்தது. ஞானி தமிழ் மரபை நோக்கிப் போனது 1991க்குப் பிந்தைய தடம் புரளலே அல்ல. ஜீவா போட்ட தண்டவாளத்தில் அவர் இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கினார். இதைத் துரோகம் என்பவர்கள் ஜீவாவுக்கு விழா எடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும். வீடு திரும்பல் என்பவர்கள், அவர் எப்போது வீட்டை விட்டுப் போனார் என்று காட்ட வேண்டும்.

நம் வாசகர்கள் அதிகம் பேச விரும்பாத உதாரணம் கடல் தாண்டி இருக்கிறது. இலங்கையில் லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா, 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்ற பொருள்பட எச்சரித்தவர். 1970இல் ஐக்கிய முன்னணி அரசில் அமைச்சரானார். 1972 மே 22இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு அவர் பொறுப்பில் உருவானது. அது சிங்களத்தை ஆட்சிமொழியாக்கியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. மார்க்ஸையும் ட்ராட்ஸ்கியையும் கரைத்துக் குடித்த ஒரு வழக்கறிஞரின் பேனா, அரசுக்கு ஒரு மதத்தைக் கொடுத்தது. இங்கே இடதுசாரி ஆட்சி விழுந்து மதம் எழவில்லை. இடதுசாரிகள் ஆட்சியில் இருந்தபோது, அவர்கள் கையாலேயே எழுந்தது. அங்கிருந்து ஆரம்பித்ததன் முடிவு எங்கே என்று தமிழ் வாசகனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த மானுடவியலாளர் ஸ்டான்லி தம்பையா, பௌத்தம் காட்டிக்கொடுக்கப்பட்டதா என்று 1992இல் ஒரு நூலின் தலைப்பிலேயே கேட்டார். அங்கே கிளம்பிய கோபம், அந்தக் கேள்வி பட வேண்டிய இடத்தில் பட்டதைக் காட்டியது. ‘இடதுசாரியம் காட்டிக்கொடுக்கப்பட்டதா’ என்ற கேள்வியை அதே கறாரோடு தமிழில் யாரும் நூலாக்கவில்லை. நம்மிடம் இருப்பவை நினைவஞ்சலிகள்.

நாகராஜனுக்கு வருகிறேன். அவரிடம் நான் மதிப்பது, மேற்கு மார்க்ஸியமும் முதலாளித்துவமும் உற்பத்திச் சக்தி என்ற ஒரே தெய்வத்தின் முன் விழுந்து கிடக்கின்றன என்று, இங்கே அது நாகரிகமாகாத காலத்திலேயே சொன்னதை. வேளாண் விஞ்ஞானம் படித்த ஒருவர் அந்த விஞ்ஞானத்தின் மேலேயே கை வைத்தார். அந்தத் துணிவு நம் முகாம்களில் பலருக்கு இல்லை. நான் மறுப்பது, அதற்கு மாற்றாக அவர் வைணவத்தின் அன்பை எடுத்து வைக்கும் இடத்தை. அன்பு என்பது ஒரு ஸ்தாபனத்தின் விளக்கமாகாது. ராமானுஜர் மேல்கோட்டையில் தீண்டாதாருக்குத் திருக்குலத்தார் என்று பெயர் சூட்டிக் கோவிலுக்குள் விட்டார் என்கிறது சம்பிரதாயம். சரி, எத்தனை நாள்? வருஷத்தில் சில நாட்கள். மற்ற நாட்களில்? அன்பின் பேரில் எழுதும் யாரும் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. ராமானுஜருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, ஆலயப் பிரவேசச் சட்டம்தான் எல்லா நாட்களுக்குமாகக் கதவைத் திறந்தது. அவர் பேரைச் சொல்லும் இரண்டு கலையாரும் காஞ்சிபுரத்தில் யார் எதை முதலில் ஓதுவது என்று வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்த வழக்கு, 2022இலும் உயர் நீதிமன்றத்தில் நின்றது. இது கேலிக்காகச் சொல்வதல்ல. ஒரு மதம் உயிரோடிருப்பது இந்த வழக்கில்தான். அன்பு என்ற ஒரு சொல்லால் இதை மூடினால் நாம் ராமானுஜரையும் பார்க்க மாட்டோம், மார்க்ஸையும் பார்க்க மாட்டோம்.

4

நான் வேலை பார்ப்பது ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில், வல்லம் வடகாலை ஒட்டி. வடகால் என்று சொன்னதும், ‘ஓ, வடகலையா?’ என்று கேட்ட இலக்கிய நண்பர் ஒருவர் உண்டு. ஊர் அப்படித்தான் நம் வட்டத்துக்குத் தெரியும்: ராமானுஜர் பிறந்த பிரதேசம். அல்லது ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிரதேசம். அல்லது கார் செய்யும் பிரதேசம்.

வெர்டரி எலும்புகளைப் பற்றி எழுதியதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த விஷயத்தில் வைணவ சம்பிரதாயம் ஒரு முழுச் சித்தாந்தமே வைத்திருந்தது. உடையவருக்கு மூன்று திருமேனிகள். மேல்கோட்டையை விட்டு அவர் கிளம்பியபோது அடியார்களின் ஆறுதலுக்காக வைத்தது தமருகந்த திருமேனி. பிறந்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில், அவரே தழுவித் தன் சக்தியை ஏற்றியது தானுகந்த திருமேனி. ஸ்ரீரங்கத்தில், அவர் உடலே என்று நம்பப்படுவது, வருஷம் இரண்டு முறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்திக் காப்பது, தானான திருமேனி. தொண்டர்கள் விரும்பியது, தான் விரும்பியது, தானே ஆனது. ஒரு தலைவரின் உடல் அவர் இறந்த பின் எந்தெந்த வகையில் இயங்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பகுப்பை நான் எந்த ஆங்கில நூலிலும் படிக்கவில்லை. லெனின் மாஸ்கோவில் தானான திருமேனியாகக் கிடக்கிறார். கீவ் நகரில் 2013இல் உடைக்கப்பட்ட லெனினும், திரிபுராவின் பெலோனியாவில் 2018இல் சாய்க்கப்பட்ட லெனினும் தமருகந்தவை. தமர் மாறியதும் விழுந்தன.

நம் காலம் நான்காவது ஒன்றைச் செய்துகொண்டது. ஹைதராபாத் அருகே 216 அடி உயரத்தில் ‘சமத்துவச் சிலை’ என்ற பெயரில் ராமானுஜர் அமர்ந்திருக்கிறார். 2022 பிப்ரவரி 5இல் பிரதமர் மோடி அதைத் திறந்து வைத்தார். சிலையை வார்த்தது சீனாவில் நாஞ்சிங் நகரத்து நிறுவனம். கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் நாட்டில் வார்த்து, துண்டு துண்டாகக் கப்பலேற்றி, இங்கே சேர்த்து நிறுத்திய ஆச்சாரியர். இதற்கு ஏழு வருஷம் முன்பு, 2015இல், மு. கருணாநிதி தன் முதிய வயதில் ராமானுஜரைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் எழுதினார். மதத்துக்குள் புரட்சி செய்தவர் என்பது அவர் நியாயம். இந்திரா பார்த்தசாரதி நாடகம் எழுதினார். அதற்கு ஸரஸ்வதி சம்மான் கிடைத்தது. நாகராஜன் தன் மார்க்ஸியத்துக்குள் சேர்த்துக்கொண்டார். நாத்திகர், நவீன நாடகாசிரியர், மார்க்ஸியர், இந்துத்வ ஆட்சி என்று நான்கு பேரும் ஒரே ஆளைத் தூக்குகிறார்கள், நான்கு பேரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்: சமத்துவம். இத்தனை பேருக்கும் ஒரு சொல் ஒத்துப்போகிறதென்றால் அந்தச் சொல்லில் சங்கடமே இல்லை என்று அர்த்தம். சங்கடம் தராத சமத்துவம் யாருக்கு வேண்டும்? எல்லோருக்கும் வேண்டும். அதனால்தான் 216 அடி.

1991ஐயும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜூலையில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. ஒரு தேசியம் இந்த ஊரில் வெடித்தது. ஒரு மூலதனம் இந்த ஊருக்குக் கிளம்பியது. நம் நூல்களை அச்சடித்த நாடு மறைந்தது. இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பார்த்த கட்டுரை நம் சிறு பத்திரிகைகளில் என் கண்ணில் படவில்லை. சோவியத் வீழ்ச்சி பற்றித் தனி இதழ், ஈழம் பற்றித் தனி இதழ். உலகமயம் பற்றி மொழிபெயர்ப்பு.

5

வெர்டரியின் கேள்விகளை எடுத்துக்கொண்டு இந்தச் சாலையில் நடந்தால் என்ன தெரிகிறது?

முதலில் நிலம். ருமேனியாவில் கூட்டுப் பண்ணைகள் கலைந்து நிலம் திரும்பக் கிடைத்தபோது, காகிதத்தில் வந்த நிலம் வயலில் காணாமல் போன விதத்தை வெர்டரி 2003இல் ஒரு முழு நூலாகவே எழுதினார். இங்கே போக்கு எதிர்த்திசை. தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புக்குத் தமிழ்நாடு 1997இல் தனிச் சட்டம் செய்தது. சிப்காட் வளாகங்கள் அதன் மேல் எழுந்தன. நிலம் போய்க் காகிதம் வந்தது. அந்தக் காகிதம் பாஸ்புக்கில் பதிவாவதை நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இழப்பீடு வந்த வீடுகளில் முதல் செலவு பெண்ணின் கல்யாணம், அடுத்தது மாடி வீடு, மூன்றாவது ஊர் அம்மன் கோவில். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கீற்றும் செங்கலுமாக இருந்த கோவில்கள் பளிங்கும் வர்ணமுமாக எழுந்து கும்பாபிஷேகம் கண்டன. பகுத்தறிவாளன் இதை மூட நம்பிக்கையின் எழுச்சி என்பான். பக்தன் தர்மம் தழைத்தது என்பான். வயல் போன பிறகு ஊர் என்பதற்கு ஓர் எல்லைக்கல் வேண்டியிருந்தது, அதைக் கடைசி வயலின் பணத்தில் கட்டிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குத் தெரிவது. எந்தக் குளிர்பெட்டியிலிருந்தும் அம்மன் எழுந்து வரவில்லை.

அடுத்தது உடல்கள். இங்கே இருப்பவை இறந்த உடல்கள் அல்ல. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு. ஒரு நடுத்தரப் பேரூராட்சியின் ஜனத்தொகை, எல்லோரும் பெண்கள், பெரும்பாலும் இருபதுகளில், ஷிப்டு மணியில் பஸ் ஏறி இறங்குகிறவர்கள். இதற்கு மூன்று வருஷம் முன்பு, 2021 டிசம்பரில், வேறொரு விடுதியின் சாப்பாட்டில் நஞ்சேறிப் பலர் நோயுற்றபோது, இப்படிப்பட்ட பெண்கள்தான் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்களைக் கூட்டி வந்து உட்கார வைத்த சித்தாந்தம் எது? நம் முகாம்களில் எதிலும் அதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் நாம் எழுதவில்லை.

பிறகு பெயர். பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சி.ஐ.டி.யு. வழிகாட்டலில் அமைத்த சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கம்பெனி தன் பெயரைச் சங்கத்தின் பெயரில் சேர்க்கக் கூடாது என்று ஆட்சேபித்தது. அந்த நாளில் முதலமைச்சர், ருஷ்யத் தலைவர் இறந்த 1953 மார்ச்சில் பிறந்து அவர் பெயரையே சுமந்தவர். கம்யூனிஸ்டுகள் அவர் கூட்டணியில் இருந்தார்கள். போராட்டப் பந்தலைப் பிரித்தது அவர் போலீஸ். வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது, கம்பெனியின் பெயரும் உள்ளடங்கலாக.

இந்த இடத்தில் ஒரு ஆசை எழும். ராமானுஜர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி, ரகசிய மந்திரத்தை ஊருக்கெல்லாம் கூவினார் என்ற கதையையும், தடுக்கப்பட்ட பெயரைத் தொழிலாளர்கள் பெற்றதையும் அருகருகே வைத்து, ‘இதோ இன்றைய கோபுரம்’ என்று ஒரு வரி எழுதிவிடலாம். கைதட்டல் நிச்சயம். அந்த வரியைத்தான் நான் எதிர்க்கிறேன். அது தொழிலாளியை ராமானுஜரின் ஐந்தாவது திருமேனியாக்கி மூலையில் உட்கார வைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது உவமை அல்ல, வித்தியாசம். ராமானுஜர் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அவர் மறுக்க மாட்டார். கம்பெனியின் பெயரை, அதன் உள்ளேயே வேலை செய்பவன் எடுக்க முடியவில்லை. அது மறுக்கும், வக்கீல் வைத்து மறுக்கும். இறந்தவர்களின் பெயர் மலிவாகவும் இருக்கிற மூலதனத்தின் பெயர் கிராக்கியாகவும் உள்ள ஒரு காலத்தில், நம் விமர்சனம் முழுக்க மலிவான பெயரைச் சுற்றியே நடக்கிறது.

அந்த 37 நாட்களுக்குள், அக்டோபர் 11இல், ஆயுதபூஜை வந்தது. இந்தப் பிரதேசத்தின் மதம் என்ன என்று என்னைக் கேட்டால் வைணவம் என்று சொல்ல மாட்டேன், ஆயுதபூஜை என்று சொல்வேன். இயந்திரத்துக்குச் சந்தனம், வாசலில் பூசணிக்காய், பொரி கடலை, நெற்றியில் குங்குமத்தோடு நெளிந்து நிற்கும் வெளிநாட்டு மேலாளர். ஒரிஸ்ஸாப் பையனும் பீகார்ப் பையனும் அவரவர் ஊரில் கொஞ்சம் முன்பே விசுவகர்மாவுக்குச் செய்த பூஜையை இங்கே இன்னொரு முறை செய்கிறார்கள். உற்பத்திச் சக்தி என்ற தெய்வத்துக்கு உண்மையிலேயே மாலை விழும் நாள் இது. நாகராஜன் சொன்ன தெய்வம் நிஜமாகவே பிரசாதம் வாங்குகிறது. வேலையை நிறுத்தியவர்களுக்கு அன்று கருவி கையில் இல்லை. கருவியை விட்டு விலகி நிற்பவன் அந்த நாளில் எதைக் கும்பிட்டான்? இதைப் போய்க் கேட்டு எழுதியிருந்தால், மதமும் உழைப்பும் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரை நமக்கு இருந்திருக்கும். ஸ்தலத்துக்கும் நம் மாதாந்தரக் கூட்டம் நடக்கும் அறைக்கும் ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

துரோகம், வீடு திரும்பல் என்ற இரண்டு சொற்களையும் கொஞ்ச காலத்துக்கு நம் பக்கங்களிலிருந்து விலக்கி வைக்கலாம். ஞானியையும் நாகராஜனையும் தீர்ப்பு எழுதாமல் படிக்கலாம். ஞானியிடம் மரபு எந்த மரபு என்றும், நாகராஜனிடம் அன்புக்கு எத்தனை நாள் என்றும் கேட்டுப் படிக்கலாம். வெர்டரியைப் படிப்பவர்கள், பாவம் அந்த நாட்டு ஜனங்கள் என்று முடித்துவிடாமல், பற்றாக்குறையில் பதவிக்கும் பதிப்புக்கும் மோதி ஒரு பாஷையை ஆட்சிப் பீடத்தில் ஏற்றிய அந்த விமர்சகர்களின் இடத்தில் நம் முகம் தெரிகிறதா என்றும் பார்க்கலாம். விருதுக் குழு, நூலக ஆணை, பாடத்திட்டம் என்று இங்கேயும் பண்டம் குறைவு, ஆள் அதிகம். தமிழ், மரபு, மண் என்ற சொற்கள் எந்த வரிசையில் நின்று எதை வாங்கித் தருகின்றன என்பது இந்தப் பத்திரிகையைப் படிக்கும் இருநூறு பேருக்கும் தெரியும். பெயர் சொல்லி எழுதுவதுதான் பாக்கி. என்னை மறுப்பவர்கள் முதலில் அந்தப் பட்டியலோடு வரட்டும்.